பழைய நகர வீட்டை அலுவலகமாக்குவது எப்படி? புதிதாக இறங்குபவர்களுக்கு

தெருவை ஒட்டி, இரண்டு பக்கமும் அடுத்த வீடுகளோடு சுவரைப் பகிர்ந்துகொண்டு, அகலம் குறைவாகவும் ஆழம் அதிகமாகவும் நிற்கும் இரண்டு மூன்று மாடி வீடுகள் பழைய நகரங்கள் பலவற்றில் உண்டு. செங்கல், சுண்ணாம்பு, மரம் சேர்த்துக் கட்டியவை. அப்படி ஒன்று கைக்கு வந்து, அதைப் புதுப்பித்து, பின்பக்கம் கொஞ்சம் கூட்டிக் கட்டி அலுவலகமாக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் கட்டடத் துறைக்காரராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் கட்டடக் கலைஞரும் பொறியாளரும் கொத்தனாரும் பேசுவது புரிய வேண்டும். எதற்குச் சரி சொல்வது, எங்கே ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று நிறுத்துவது என்று தெரிய வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடாக இருந்த கட்டடத்திடம் அலுவலகத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் கேட்கக் கூடாது. கனமானவை, தண்ணீர் புழங்குபவை, இரைச்சல் போடுபவை எல்லாவற்றையும் புதிதாகக் கட்டும் பகுதிக்கு அனுப்பிவிடுங்கள். மனிதர்கள் உட்கார்ந்து யோசிக்கிற, எழுதுகிற, பேசுகிற வேலையைப் பழைய அறைகளுக்குக் கொடுங்கள். இந்த ஒன்றை ஆரம்பத்திலேயே தீர்மானித்துவிட்டால் பின்னால் வரும் குழப்பங்களில் பாதி வராது.

ஆள் விடுவதற்கு முன்னால்

முதல் வேலை, அந்த வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறதா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரிப்பது. இருந்தால் முகப்பு மட்டுமல்ல, உள்ளே இருக்கும் மாடிப்படி, கதவு நிலை, கூரை வேலைப்பாடு ஆகியவற்றைத் தொடவும் அனுமதி கேட்க வேண்டியிருக்கலாம். பட்டியலில் இல்லாவிட்டாலும், வீட்டை அலுவலகமாக மாற்றுவதற்கான பயன்பாட்டு மாற்ற அனுமதி பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டும். அதோடு, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் இப்போதே போய்ப் பேசுங்கள். பொதுச் சுவரின் இரண்டு பக்கத்தையும் தேதியோடு படமெடுத்து, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அவர்கள் சுவரில் விரிசல் தெரிந்தால், அது முன்பே இருந்ததா, உங்கள் வேலையால் வந்ததா என்ற சண்டைக்கு இடமிருக்காது.

அப்புறம் அளவெடுத்து வரைபடம் போடுங்கள். பழைய வீட்டில் எந்த மூலையும் சரியான செங்கோணத்தில் இருக்காது. எதிரெதிர் சுவர்கள் ஒரே நீளத்தில் இருக்கும் என்றும் நம்ப முடியாது. ஒவ்வொரு அறைக்கும் மூலைவிட்டம் இரண்டையும் சேர்த்து அளந்தால்தான் உண்மையான வடிவம் கிடைக்கும்.

பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் துறையின் அடிப்படை ஆவணம் 1964-ல் உருவான வெனிஸ் சாசனம். அதில் இரண்டு விஷயங்களை மனதில் வைத்தால் போதும். ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நிற்க வேண்டும் என்பது ஒன்று. தொலைந்துபோன பகுதிக்குப் பதிலாக வைப்பது மொத்தத்தோடு இசைந்து போக வேண்டும், ஆனால் பழையது எது, புதியது எது என்று பிரித்தறியவும் முடிய வேண்டும் என்பது மற்றொன்று. ‘இங்கே முன்னால் ஒரு வளைவு இருந்திருக்கும்’ என்று யாராவது சொன்னால் ஆதாரம் கேளுங்கள். பழைய படமோ, சுவரில் தடமோ இல்லையென்றால் அந்த வளைவு வேண்டாம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பழைய வீடுகளைக் கெடுப்பது வயசு அல்ல, தண்ணீர். அதனால் நல்ல மழை நாளில் வீட்டைச் சுற்றி வாருங்கள். கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாய் எங்கே வழிகிறது, இறங்கு குழாய் எந்த இடத்தில் சுவரில் ஒழுகுகிறது, தண்ணீர் தரையில் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், குடை போதும்.

சுவரின் அடியில் ஓதம், அதாவது தரையிலிருந்து வரும் ஈரம், ஏறியிருந்தால் உடனே ரசாயனம் ஊசி போடச் சொல்லி ஒருவர் வருவார். அதற்கு முன்னால் வெளித்தரையைப் பாருங்கள். ஒவ்வொரு முறை தெருவோ முற்றமோ புதுப்பிக்கப்படும்போதும் தரை கொஞ்சம் உயர்ந்திருக்கும். வெளித்தரை உள்தரையைவிடக் குறைந்தது 150 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். உயர்ந்திருக்கும் மண்ணை வெட்டி எடுத்து, சுவரோரம் சரளை நிரப்பிய வடிகால் அமைத்தாலே பல சுவர்கள் தானாகக் காய்ந்துவிடும். ஆனால் அவசரப்படாதீர்கள். 25 மி.மீ. தடிமன் காய ஒரு மாதம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் 225 மி.மீ. செங்கல் சுவருக்கு ஒன்பது மாதம். கூரையையும் வடிகாலையும் முதலில் சரிசெய்துவிட்டு, அனுமதிக்கும் வரைபடத்துக்கும் அலைகிற காலத்தில் சுவரைக் காயவிடுவது கெட்டிக்காரத்தனம்.

சிமென்ட்டைத் தள்ளி வையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின், இன்றைய சிமென்ட்டின் முன்னோடியான போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1824-ல். அது சாதாரண வீடுகளின் சுவருக்குள் பரவலாக வந்து சேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. ஆக, உங்கள் வீடு பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றால் அதன் செங்கற்களைப் பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புக் காரைதான். சுண்ணாம்புக் காரை மென்மையானது, நுண்துளைகள் கொண்டது. சுவருக்குள் போன ஈரம் அந்தக் காரை வழியாக வெளியேறி ஆவியாகிவிடும். கட்டடம் லேசாக அசைந்தாலும் காரை கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

அதன் மேல் சிமென்ட் பூசினால் என்ன ஆகும்? சிமென்ட் பழைய செங்கல்லைவிடக் கடினம், ஈரத்தை எளிதில் விடாது. ஈரம் வேறு வழியில்லாமல் செங்கல் வழியாக வெளியேறப் பார்க்கும். அதோடு கரைந்து வரும் உப்பு செங்கல்லின் மேல்தோலுக்குப் பின்னால் படிகமாகி, அந்தத் தோலையே பெயர்த்துத் தள்ளும். சில வருடங்களில், சிமென்ட் இணைப்புகள் அப்படியே சட்டம் போல நிற்க, நடுவில் இருக்கும் செங்கல் மட்டும் குழிந்து பொடியாகிக் கிடப்பதைப் பார்க்கலாம். ஒரு முறை கண்ணால் பார்த்தவர் மறுபடி சிமென்ட் மூட்டையைப் பழைய சுவர் பக்கம் கொண்டுபோக மாட்டார்.

சுவரில் இருப்பது என்ன காரை என்று தெரிந்துகொள்ள ஓர் ஆணியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக அல்லது மங்கிய மஞ்சளாகப் பொடி உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில், ஆணி வழுக்கிக்கொண்டு போனால் சிமென்ட். பின்னால் வந்தவர்கள் பூசிய சிமென்ட்டை எடுக்க வேண்டும் என்றால் சுத்தியலும் மெல்லிய உளியும்தான் கருவி. வெட்டும் மெஷினை இணைப்புக்குள் விட்டால் செங்கல்லின் விளிம்பு போய்விடும், அது திரும்ப வராது. சில இடங்களில் சிமென்ட் செங்கல்லை விடாமல் பிடித்திருக்கும். எடுத்தால் செங்கல்லும் சேர்ந்து வரும் என்றால் அதை அப்படியே விட்டுவிடுவது நல்லது.

புதுக் காரை அடைக்க, இணைப்பின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழத்துக்குப் பழையதைச் சுரண்டி, தூசியைத் தூரிகையால் துடைத்து, தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். உலர்ந்த செங்கல் காரையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், அப்புறம் காரை பிடிக்காது. கலவை பொதுவாக ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை அல்லது மூன்று பங்கு மணல். மணல் ஒரே அளவுப் பொடியாக இல்லாமல் பருக்கையும் பொடியும் கலந்ததாக இருக்க வேண்டும். அடைத்த பிறகு ஈரச்சாக்கு தொங்கவிட்டு வெயிலும் காற்றும் நேராகப் படாமல் சில நாள் காக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கித்தான் இறுகும். அதற்குக் கொஞ்சம் ஈரமும் நிறைய நேரமும் தேவை. ‘நாளைக்கே காய்ந்துவிடும்’ என்று சொல்கிற ஒப்பந்தக்காரரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். ஒரு சதுர மீட்டர் மாதிரி செய்து காட்டச் சொல்லி, பிடித்திருந்தால் மட்டும் மேலே போகலாம்.

பெயிண்டும் அப்படித்தான். பிளாஸ்டிக் பெயிண்ட் சுவரின் வாயை அடைத்துவிடும். சுண்ணாம்பு வெள்ளையடிப்போ சிலிகேட் பெயிண்டோ பொருந்தும். பழைய பெயிண்ட் அடுக்குகளில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. இருபதாம் நூற்றாண்டில் சேர்த்த கூரைத் தகடு, குழாய் உறை போன்றவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பரிசோதனை செய்யாமல் உடைக்காதீர்கள்.

விரிசலும் மரமும்

விரிசலைக் கண்டதும் பயப்படவும் வேண்டாம், பூசி மறைக்கவும் வேண்டாம். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் அகலத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மழைக்காலம், வறண்ட காலம் இரண்டும் கடந்த பிறகும் நீளாமல், அகலாமல் இருந்தால் அது பழைய கதை. 5 மி.மீ.க்குக் குறைவானவை பெரும்பாலும் தோற்றக் குறையே. அதைவிட அகன்றவை, அல்லது அளக்க அளக்க வளர்பவை பொறியாளர் பார்க்க வேண்டியவை.

மரத்தில் முதலில் கெடுவது சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தரத்தின் முனைதான். நடுவில் இரும்பு மாதிரி இருக்கும், முனையில் குத்தூசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். ஈரமானி வைத்துப் பாருங்கள். 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் தொடர்ந்து இருந்தால் பூஞ்சை வளர இடம் உண்டு. முனை மட்டும் கெட்ட உத்தரத்தை முழுதாக மாற்ற வேண்டியதில்லை. கெட்ட பகுதியை அறுத்துவிட்டுப் புது மரத்தை இணைத்தோ, முனையைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் காலணி கொடுத்தோ காப்பாற்றலாம். நல்ல தச்சர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். இந்த வேலையில் மிக முக்கியமான ஆள் அவரும் சுண்ணாம்பு தெரிந்த கொத்தனாரும்தான் என்பது என் எண்ணம்.

இனி எடைக் கணக்கு. வீட்டின் தளத்தைப் பொறியாளர்கள் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 முதல் 200 கிலோ சுமைக்குக் கணக்கிடுவார்கள். அலுவலகத்துக்கு 250 முதல் 300 கிலோ. கோப்புகளை அடுக்கும் அறைக்கு 500 கிலோவும் அதற்கு மேலும் போகும். இந்த இடைவெளியைப் பார்த்ததும் எல்லாத் தளத்தையும் இரும்பு வைத்துப் பலப்படுத்தலாம் என்று தோன்றும். அதற்கு முன்னால், கனத்தை வேறு இடத்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மேசையும் நாற்காலியும் மடிக்கணினியும் ஆளும் மட்டும் இருக்கும் அறை, இருக்கிற தளத்திலேயே, தளத்தைச் சுமக்கும் மரச் சட்டங்களில் ஓரிரண்டைப் பலப்படுத்துவதோடு தாங்கிவிடலாம். கோப்பு அலமாரி, பிரிண்டர், பேட்டரி, சர்வர் எல்லாம் புதிய பகுதியின் தரைத்தளத்துக்குப் போகட்டும்.

கூட்டிக் கட்டுவது

இங்கேதான் முதலில் சொன்ன பங்கீடு முழுதாக வேலைக்கு வருகிறது. கழிப்பறைகள், சமையல் மூலை, லிப்ட், இரண்டாவது மாடிப்படி, ஏசி இயந்திரம், மின் பலகை, கோப்பறை, நிறையப் பேர் கூடும் பெரிய அறை ஆகியவை புதிய பகுதிக்கு. இப்படி வைத்தால் பழைய சுவரில் தண்ணீர்க் குழாய் போகாது, பழைய தளத்தை லிப்டுக்காக வெட்ட வேண்டாம், பழைய மாடிப்படியின் கைப்பிடியை விதிகளுக்காக உடைக்க வேண்டாம்.

புதியதைப் பழையதோடு ஒட்டிக் கட்டாமல் நடுவில் ஓர் இடைவெளி விடுங்கள். ஆம்ஸ்டர்டாமின் கால்வாய் ஓர வீடுகள் பலவற்றில் முன் வீடு, நடுவில் சிறு முற்றம், பின் வீடு என்ற அமைப்பு பதினேழாம் நூற்றாண்டிலேயே உண்டு. ஆழமான மனையில் வெளிச்சமும் காற்றும் நடுவரை வருவதற்கு அவர்கள் கண்ட வழி அது. முன் வீட்டையும் பின் வீட்டையும் இணைக்க ஒரு ஒடுக்கமான வழி போதும். அந்த வழியைக் கண்ணாடியால் கட்டினால், பழைய பின்சுவர் முழுதும் கண்ணுக்குத் தெரியும்.

இடமே இல்லை, முற்றம் விட முடியாது என்றால் மேலிருந்து வெளிச்சத்தை இறக்கலாம். கட்டடக் கலைஞர் ஜான் சோன் லண்டனில் 1792 முதல் 1824 வரை அடுத்தடுத்த மூன்று நகர வீடுகளை வாங்கி இடித்துக் கட்டினார். அதில் வீடும் இருந்தது, அவருடைய வரைவு அலுவலகமும் இருந்தது. பின்பக்கம் தூண்கள் மேல் நிற்கும் அந்த வரைவறைக்குக் கூரைக் கண்ணாடி வழியாகத்தான் வெளிச்சம். நகர வீட்டுக்குள் வேலை செய்யும் இடத்தை எப்படி வைப்பது என்று யோசிப்பவர்கள் அந்த வீட்டின் குறுக்குவெட்டுப் படத்தை அவசியம் பார்க்க வேண்டும். இப்போது அது அருங்காட்சியகம்.

தோற்றம் எப்படி இருக்க வேண்டும்? பழையதைப் போலவே போலி செய்வதும், அதை அவமானப்படுத்துவதுபோல் பளபளவென்று ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துவதும் இரண்டுமே எனக்குப் பிடிக்காதவை. பெர்லினில் இரண்டாம் உலகப் போரில் சிதைந்து பல பத்தாண்டுகள் கிடந்த நோயஸ் மியூசியத்தை (‘புதிய அருங்காட்சியகம்’ என்று பொருள்) கட்டடக் கலைஞர் டேவிட் சிப்பர்ஃபீல்டின் குழு மீட்டு, 2009-ல் அது மறுபடி திறந்தது. காணாமல்போன சுவர்களைப் பழைய கட்டடங்களிலிருந்து எடுத்த செங்கற்களால் எழுப்பினார்கள். எரிந்துபோன பெரிய மாடிப்படியை அதே வடிவத்தில், அலங்காரம் எதுவும் இல்லாமல், வெளிர்நிறக் கான்கிரீட்டில் கட்டினார்கள். அளவும் வடிவமும் பழையதை மதிக்கின்றன. பொருள் மட்டும் தன் காலத்தை ஒளிக்காமல் சொல்கிறது. நகர வீட்டுக்கும் இதே வழி ஒத்துவரும். புதிய பகுதியின் சன்னல் உயரம், தள மட்டம், கூரை விளிம்பு ஆகியவை பழைய வீட்டின் கோடுகளைப் பின்பற்றட்டும்.

கடைக்கால், அதாவது அஸ்திவாரம், தோண்டும்போது மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். பழைய வீடுகளின் கடைக்கால் ஆழம் குறைவு. அதை ஒட்டி நீளமாக ஒரே பள்ளம் வெட்டினால் சுவர் சாயும். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்றாக வெட்டி நிரப்புவதே முறை. புதிய கட்டடம் முதல் சில வருடங்கள் தன் பாட்டுக்குக் கொஞ்சம் இறங்கும். அதனால் இரண்டுக்கும் நடுவில் அசைவு இடைவெளி விட்டு, வளையக்கூடிய பொருளால் அடைக்க வேண்டும். இரண்டையும் இறுக்கிக் கட்டிவிட்டால், பழைய சுவர்தான் விரியும்.

கேபிள் எங்கே ஓடும்?

பூச்சை வெட்டிக் குழாய் புதைப்பதை முடிந்தவரை தவிருங்கள். பழைய வீட்டில் ஏற்கெனவே வழிகள் இருக்கின்றன. பயன்படாத புகைபோக்கிகள் தரைத்தளத்திலிருந்து கூரை வரை நேராகப் போகின்றன. உள்ளே சுத்தம் செய்து, கேமரா விட்டுப் பார்த்து, தளத்துக்குத் தளம் தீத்தடுப்பு அடைப்பு கொடுத்தால் நெட்வொர்க் கேபிளுக்கு அருமையான பாதை. அப்படிப் பயன்படுத்தாமல் மூடிவிடுவது என்றால் மேலும் கீழும் காற்றுத் துளை விட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஈரம் கட்டும்.

கிடையாகப் போக, தரைப் பலகைக்கு அடியில் சட்டங்களுக்கு இணையாக ஓட்டுங்கள். சட்டத்தைக் குறுக்கே துளைக்க வேண்டியிருந்தால் அதற்குக் கணக்கு உண்டு. துளை சட்டத்தின் உயரத்தில் சரிபாதியில் விழ வேண்டும். அதன் விட்டம் உயரத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. தாங்கு சுவரிலிருந்து நீளத்தில் கால் பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரையுள்ள பகுதியில்தான் போட வேண்டும். 200 மி.மீ. உயரமும் 4 மீட்டர் நீளமும் உள்ள சட்டம் என்றால், 50 மி.மீ. வரை விட்டம், சுவரிலிருந்து 1 மீட்டருக்கும் 1.6 மீட்டருக்கும் இடையில். இதை ஒரு தாளில் எழுதி எலக்ட்ரீஷியன் கையில் கொடுத்துவிடுங்கள். பலகையைக் கழற்றும்போது பின்பக்கம் எண் போட்டு வைத்தால் அதே இடத்தில் திரும்பப் பொருத்தலாம்.

சன்னல், வெளிச்சம், சத்தம்

பழைய மரச் சன்னலைக் கழற்றி எறியாதீர்கள். நல்ல மரம் என்றால் கீழ்ச்சட்டத்தை மட்டும் மாற்றி, காற்று புகும் இடுக்குகளுக்குத் தூரிகைப் பட்டை வைத்தால் இன்னும் பல காலம் நிற்கும். சத்தமும் வெப்ப இழப்பும் தொல்லை என்றால் உட்பக்கம் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் பொருத்துங்கள். தெரு இரைச்சலைக் குறைக்க இரண்டு கண்ணாடிகளுக்கும் இடையே 100 மி.மீ. அல்லது அதற்கு மேல் இடைவெளி இருக்க வேண்டும்.

உயரமான சன்னல் பெரிய வரம். சன்னலின் மேல்விளிம்பு உயரத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு தூரம் வரை பகல் வெளிச்சம் பயன்படும். மேசைகளை அந்த எல்லைக்குள் போடுங்கள், உள்ளே இருட்டான பகுதியைப் போன் பேசும் அறைக்கும் நடைவழிக்கும் விடுங்கள். விளக்கொளி மேசை மேல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருந்தால் போதும். நின்று எரியும் விளக்கும் மேசை விளக்கும் வைத்தால் பழைய கூரை வேலைப்பாட்டைத் துளைக்க வேண்டியிருக்காது. வெளிச்சுவரின் உட்பக்கம் வெப்பக் காப்பு போட நினைத்தால் மர நார்ப் பலகை, சணல் கலந்த சுண்ணாம்பு போன்ற ஈரத்தை விடும் பொருளாகப் பாருங்கள். பிளாஸ்டிக் நுரைப் பலகை, பின்னால் சுவருக்குள் வியர்க்க வைக்கும். அதற்கும் முன்னால் கூரையின் மேல்தளத்துக்குக் காப்பு போடுவதும் இடுக்குகளை அடைப்பதும் செலவு குறைந்த, பலன் அதிகமான வேலை.

தீயும் சாய்தளமும்

ஒரே ஒரு மரப்படி உள்ள வீட்டில் பலர் வேலை செய்வதென்றால் வெளியேறும் வழிதான் முதல் கேள்வி. புதிய பகுதியில் இரண்டாவது படி வைத்துவிட்டால் பழைய படியைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டு கட்டும் நிலை பெரும்பாலும் வராது. பழைய கதவுகளைச் சூட்டில் ஊதிப் பெருகும் பட்டையும் பூச்சும் கொண்டு 30 நிமிடம் தாங்கும்படி மேம்படுத்த முடியுமா என்று தீயணைப்பு ஆலோசகரிடம் கேளுங்கள். முன்வாசல் படி சக்கர நாற்காலிக்குத் தடை என்றால், 1-க்கு 12 சாய்வில் (ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம்) சாய்தளம் போட முற்றம் வழியாக ஒரு நுழைவு கண்டுபிடியுங்கள். அது பின்வாசலாகத் தோன்றாமல், எல்லாரும் பயன்படுத்தும் வாசலாகவே இருக்கட்டும். லிப்டின் உட்புறம் குறைந்தது 1100க்கு 1400 மி.மீ. வேண்டும்.

எந்த வரிசையில்?

கூரையும் வடிகாலும் முதலில். அடுத்துக் கட்டமைப்பு, அதாவது உத்தரம், சுவர், கடைக்கால். பிறகு புதிய பகுதியை எழுப்புங்கள். கனரக வேலையும் தூசியும் அப்போதே முடிந்துவிடும். அந்தச் சமயத்தில் மாடிப்படியையும் தரையையும் பலகை அடித்து மூடி வையுங்கள். அதன்பின் கேபிளும் குழாயும், அடுத்துச் சுண்ணாம்புப் பூச்சு. பூச்சு காய்ந்த பிறகுதான் மரவேலையும் பெயிண்டும். மொத்தச் செலவில் 15 முதல் 20 சதவீதமாவது எதிர்பாராததற்கென்று தனியாக எடுத்து வையுங்கள். பலகையைத் திறக்கும் வரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

வேலை முடிந்ததும் எந்தச் சுண்ணாம்பு, எந்த விகிதம், எந்த மணல், எந்தச் சட்டத்தில் எங்கே துளை என்று படத்தோடு ஒரு கோப்பு போட்டு அலுவலக நிர்வாகியிடம் கொடுங்கள். அதன் முதல் பக்கத்தில் பராமரிப்புத் தேதிகள் இருக்கட்டும். மழைநீர்க் கால்வாயை வருடத்துக்கு இரண்டு முறை துப்புரவு செய்வது, உத்தர முனைகளில் ஒரு முறை ஈரமானி வைப்பது, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை சாரம் கட்டிக் கூரையையும் முகப்பையும் பார்ப்பது. சுவரில் துளை போட விரும்பும் யாரும் முதலில் அந்தக் கோப்பைப் பார்க்க வேண்டும் என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.